வாடிய மலரும் வரவிருக்கும் மொட்டும்

பூ இல்லாமற் பூசை இல்லை. ‘பூசை’ என்னும் சொல்லே ‘பூ’ என்பதிலிருந்து பிறந்தது, பூவாற் செய்வதே பூசை என்று கூறும் அறிஞர்களும் உளர். கருங்கல்லிற் கோபுரம் எழுப்பிய பெரிய தேவஸ்தானமானாலும் சரி, தேயிலை மலையின் நடுவே தகரக் கூரையின் கீழ்ச் சூலமொன்றை மாத்திரம் நாட்டி வணங்கும் முனியாண்டி கோயிலானாலும் சரி, காலையில் நாலு செவ்வரத்தைப் பூவாவது அங்கே வைக்கப்பட்டிருக்கும். கண்டி மாநகரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் பூவுக்குப் பஞ்சமில்லாத பூமி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இம்மண்ணில் வேலியோரம் ஒடித்து நட்ட குச்சியும் பூத்துவிடும். 1821ஆம் ஆண்டில் மகாவலி கங்கையின் வளைவுக்குள் அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்கா 147 ஏக்கர் பரப்புடையது. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்வது வழக்கம். தலதா மாளிகைக்குப் போகும் வழியில் தாமரையும் நீலோற்பலமும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காணாதவர் இல்லை.

இவ்வாறு பிறந்தது முதல் பூவோடு பழகிய மக்களிடையே ஒரு கேள்வி மாத்திரம் எழுவதே இல்லை. அதைக் கேட்கும் துணிவு சிறு பிள்ளைகளுக்குத்தான் உண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள கிராமக் கோயிலொன்றின் நந்தவனத்தில், அறநெறிப் பாடசாலை முடிந்து வந்த சிறுவன் ஒருவன், கத்தரிக்கோலும் கையுமாக நின்ற பெரியவரிடம் கேட்டான்.

“தாத்தா, வாடுன பூவ எதுக்கு வெட்டுறீங்க? அது தானா விழுந்திருமே?”

“இந்தச் செவ்வந்தி தானா விழாதுய்யா. காம்புலயே காஞ்சு உள்ளுக்கு விதை புடிச்சிரும். விதை புடிச்சிட்டா செடி, வந்த வேலை முடிஞ்சிருச்சுன்னு பூக்கிறத நிப்பாட்டிரும். வெட்டிவிட்டோம்னா, வேலை இன்னும் முடியலன்னு மறுபடியும் மொட்டு வைக்கும்.”

சிறுவன் கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப நாம செடிய ஏமாத்துறோமா, தாத்தா?”

பெரியவர் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை. சொல்வது அவ்வளவு எளிதும் அன்று.

முதலில் செடி செய்வது என்ன என்பதைப் பார்ப்போம். மனிதர் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும் என்பதற்காக எந்தச் செடியும் பூப்பதில்லை. இறைவன் திருவடிக்குப் போக வேண்டும் என்று பூப்பதாகக் கவிஞர் பாடுவர். அது கவிஞரின் பக்தி. செடி பூப்பது விதைக்காக. நிறமும் மணமும் தேனும் வண்டுக்கு விடும் அழைப்பு. வண்டு வந்து மகரந்தச் சேர்க்கை நடந்தவுடன் பூவின் வேலை முடிந்தது. இதழ் வாடுகிறது, அடியிலுள்ள சூலகம் பருக்கத் தொடங்குகிறது. அதன் பின்னர் இலையிற் சமைக்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கு விதைக்கே போகிறது. அது மாத்திரமன்று. வளரும் விதையிலிருந்து ஒட்சின் முதலிய ஓமோன்கள் சுரந்து, புதிய மொட்டுகள் வேண்டாம் என்ற செய்தியைச் செடிக்குச் சொல்கின்றன. செவ்வந்தி போல ஒரே பருவத்தில் வாழ்ந்து முடியும் செடிகளில் இந்தச் செய்திக்கு இன்னுமொரு பொருள் உண்டு. விதை முற்றினால் செடி பழுக்கத் தொடங்கிவிடும். தாய் தன் கடமையை முடித்துக்கொண்டு போவது போன்றது அது.

வாடிய பூவை உரிய காலத்தில் வெட்டினால் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்த சர்க்கரை பக்கக் கிளைகளுக்குத் திரும்புகிறது. இலைக்கணுக்களில் உறங்கிக் கிடந்த அரும்புகள் விழிக்கின்றன. ஒரு பூ இருந்த இடத்தில் இரண்டு காம்பு கிளம்புவதைப் பத்துப் பதினைந்து நாளிற் பார்க்கலாம். இதழை மட்டும் பிய்த்தெறிவதாற் பயனில்லை. விதை இருப்பது இதழின் அடியிலே. பூத்தலையை முழுதாக, அடுத்த இலைக்கணுவுக்குச் சற்று மேலே நறுக்க வேண்டும். ரோஜாவில் ஐந்து சிற்றிலை கொண்ட இலைவரை இறங்கி, வெளிப்பக்கம் பார்த்திருக்கும் அரும்புக்கு மேலே வெட்டுவர். கண்டி மழையில் இதற்கு இன்னுமொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வாடிய பூ நனைந்து செடியிலேயே அழுகினால் அதில் பங்கசு பிடித்து, பக்கத்து மொட்டையும் கெடுத்துவிடும். துளசிக்கும் இதே கதைதான். கதிர் விட்டு விதை முற்றிய துளசி, தண்டு மரமாகி இலை சிறுத்து விரைவில் மாண்டுபோகும். கதிரைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். வீட்டுத் துளசி மாடத்தில் கதிரைக் கிள்ளிப் பெருமாளுக்குச் சார்த்தும் பாட்டிமாருக்கு ஓமோன் என்ற சொல் தெரியாது. ஆனால் கை தெரிந்து வைத்திருந்தது.

எல்லாப் பூவுக்கும் இது தேவை என்றும் எண்ணிவிடக் கூடாது. செவ்வரத்தை காலையில் விரிந்து மாலையிற் சுருங்கி ஓரிரு நாளிற் தானே உதிர்ந்துவிடும். வீட்டுத் தோட்டங்களில் உள்ள அடுக்குச் செவ்வரத்தை பெரும்பாலும் காய்ப்பதும் இல்லை. நித்தியகல்யாணிக்கும் கத்தரிக்கோல் வேண்டாம். பழைய பூவைத் தானே உதறிவிட்டு அடுத்ததை விரித்துக்கொண்டே போகும். பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். விதைக்காகப் பாடுபடும் செடியிடமிருந்து விதையைத் தடுத்து, அதன் முயற்சியை மட்டும் மீண்டும் மீண்டும் வாங்கிக்கொள்வது நியாயமா?

சைவ மரபில் பூப்பறித்தல் ஒரு தொண்டு. திருநந்தவனம் வைத்தலும், பத்திர புஷ்பம் எடுத்தலும், திருமாலை கட்டுதலும் திருவலகிடுதலோடும் திருமெழுக்கிடுதலோடும் சேர்த்து எண்ணப்படும் பணிகள். திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, மரத்திற் பூப்பது, கொடியிற் பூப்பது, நீரிற் பூப்பது, நிலத்திற் பூப்பது என நால்வகைப் பூவையும் தனித்தனிக் கூடையிற் பறித்து மாலை தொடுத்ததாற் பேறு பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். பறித்த பூவின் மதிப்பு எத்தகையது என்பதற்கும் அங்கே கதைகள் உண்டு. பூமண்டபத்தருகே கிடந்த பூவை எடுத்து மோந்ததற்காகப் பல்லவ அரசியின் மூக்கை அரிந்தார் செருத்துணை நாயனார். இன்றைய மனம் அதைக் கேட்டு அதிரத்தான் செய்யும். தொண்டின் தீவிரத்தைக் காட்ட வந்த கதை என்று கொள்வதன்றி, வீட்டிற் பின்பற்ற வேண்டிய ஒழுக்கமாக அதை யாரும் கொள்வதில்லை.

இவற்றுள் இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டியது வியாக்கிரபாத முனிவர் வரலாறு. தில்லையிற் சிவபூசை செய்த அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. விடிந்த பின் பறித்தால் வண்டு தீண்டிய பூவாகிவிடுகிறது. விடியுமுன் பறிக்கப் போனால் இருளிற் கண் தெரிவதில்லை, பனியில் நனைந்த மரத்திற் கால் வழுக்குகிறது. ஆகவே இருளிலும் காணும் கண்ணையும், மரமேற வல்ல புலிக்காலையும் புலிநகத்தையும் இறைவனிடம் வேண்டிப் பெற்றார். தில்லைக்குப் புலியூர் என்ற பெயர் அவரால் வந்தது. வண்டு தீண்டாத பூ என்பதன் பொருளைத் தாவரவியல் தெரிந்தவர் ஒருவர் கேட்டால், மகரந்தச் சேர்க்கை நடவாத பூ என்பார். அதாவது விதை பிடிக்க முன்னரே எடுத்த பூ. அப்படி நாள்தோறும் விடியற்காலையிற் பூ எடுக்கப்படும் செடியில் வாடிய பூ என்பதே இராது. கத்தரிக்கோலால் பின்னர் செய்ய வேண்டியதை அந்த விரல்கள் முன்கூட்டியே செய்துவிடுகின்றன. நித்திய பூசை தவறாத கோயிலின் நந்தவனம் ஓயாமற் பூத்துக்கொண்டிருப்பதற்கு இறையருளோடு இந்தக் காரணமும் உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு விரோதமில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கத்திற் தாயுமான சுவாமிகள் நிற்கின்றார். பனி தங்கிய மலரைப் பறிக்கப் போனால் அந்த மலருக்குள்ளும் இறைவனே இருக்கக் காண்கிறார். எடுக்க மனம் வரவில்லை என்கிறார். அகப்பூசைக்குச் சொல்லப்பட்ட எட்டு மலர்களில் முதலாவது மலரின் பெயர் கொல்லாமை. அந்த மலர் எந்தச் செடியிலும் பூப்பதில்லை. யாருக்கும் வலிப்பதும் இல்லை. பூப்பறித்து முத்தி பெற்றவரையும், பறிக்க மனம் வராது நின்றவரையும் ஒரே மரபு அடியார் என்று கும்பிடுகிறது. இருவரிலும் பொதுவாயிருப்பது ஒன்றுண்டு. இருவருமே பூவைச் சாதாரணப் பொருளாக எண்ணவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் அடுத்த வீட்டு வேலியிற் கைவிட்டு, கண்டபடி இழுத்து, கிளையும் மொட்டுமாக முறித்துக்கொண்டு போய் அருச்சனைத் தட்டில் வைப்பவர் இந்த இரண்டில் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவர் அல்லர்.

செடிக்கு வலிக்குமா என்று சிலர் கேட்பர். வலியை உணர்வதற்குரிய நரம்புத் தொகுதி செடிக்கு இல்லை. ஆனால் காயம் பட்டதைச் செடி அறிந்து, அதற்கேற்ப வேதியற் பொருள்களைச் சுரந்து, வெட்டுவாயை மூடிக்கொள்கிறது என்பது உண்மை. எனவே கேள்வி வலியைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. ஒரு செடி எதற்காக உழைக்கிறதோ அதை அதற்குக் கிடைக்கவிடாமற் செய்வதற்கு மனிதனுக்கு உள்ள உரிமை எது?

இவ்விடத்தில் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைத் துணைக்கு அழைப்பது சொற்பொழிவாளர் சிலரின் வழக்கம். கடமையைச் செய், பலனிற் பற்று வைக்காதே என்பதற்குப் பூச்செடியே சிறந்த உதாரணம் என்பர். பலனாகிய காயையும் விதையையும் வேண்டாது, பறிக்கப் பறிக்கப் பூத்துக் கொடுக்கிறதே, அதுவல்லவா நிஷ்காமிய கர்மம் என்று கேட்பர். சபையும் தலையாட்டும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இது உண்மைக்கு மாறானது. செடி பலனைத் துறக்கவில்லை. பலன் அதனிடமிருந்து எடுக்கப்படுகிறது. அது மீண்டும் பூப்பது பற்றில்லாமையால் அன்று. இந்த முறையாவது ஒரு விதை கிடைக்காதா என்ற விடாத பற்றினாலேதான். துறவு என்பது ஒருவர் தாமாக விடுவது. பிறர் பறித்துக்கொண்டு ‘நீ துறந்துவிட்டாய்’ என்று பட்டம் சூட்டினால் அது துறவாகாது. கண்ணபிரான் அருச்சுனனைப் பார்த்து அவனுடைய வினையின் பலனில் அவன் பற்று வைக்கலாகாது என்றாரேயன்றி, அடுத்தவனுடைய பலனை அருச்சுனன் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

மலையகத்தில் வாழ்வோருக்கு இந்த வேறுபாட்டை விளக்க நூல்கள் தேவையில்லை. சுற்றிலும் நிற்கும் தேயிலையே போதும். தேயிலையைச் செடி என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு மரம். தொடாமல் விட்டால் முப்பது அடிக்கு மேலும் வளரும், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக அழகாகப் பூக்கும், காய்க்கும். 1867ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட நாள் முதல், அந்த மரம் இடுப்பளவுக்கு மேல் உயர விடப்பட்டதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து எடுக்கப்படுகிறது. நுனி போனதும் பக்கத்து அரும்பு விழிக்கிறது; அதுவும் போகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை கவ்வாத்துக் கத்தி வந்து, எலும்பு போல வெறும் கொம்பை விட்டுவிட்டுப் போகிறது. செடி மீண்டும் இளமையாகத் துளிர்க்கிறது. எடுக்காமல் விட்ட மூலைகளிலே தேயிலை பூத்திருப்பதைக் கண்டவர் உண்டு. அங்கே அது தன் வேலையைச் செய்கிறது.

கொழுந்து எடுத்த விரல்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். தலைமுறை தலைமுறையாக நுனியைக் கொடுத்தார்கள். அந்த உழைப்பிற் கொழும்பும் இலண்டனும் செழித்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அவர்களுட் பெரும்பாலானோரை அவர்கள் பண்படுத்திய மண்ணிலேயே நாடற்றவர் ஆக்கியது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. லயத்து அறையிற் பிறந்து லயத்து அறையிலேயே கண்மூடியவரிடம் போய், பலன் கருதாது உழைத்த கர்மயோகி என்று புகழ்ந்தால் அது புகழ்ச்சியா, பரிகாசமா? அவர் பலனைத் துறக்கவில்லை. பிள்ளை படிக்க வேண்டும், சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசையோடுதான் விடியற்காலைக் குளிரிற் கூடையை மாட்டினார். பலன் கருதாமை என்பது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய விரதம். கூலி கொடுக்க வேண்டியவர் கூலி வாங்க வேண்டியவருக்குச் செய்யும் உபதேசமாக அது மாறும்போது அதன் புனிதம் போய்விடுகிறது. கோயில்களிலும் இதை மறக்கிறோம். மேளம் வாசிப்பவருக்கும், பூக்கட்டுபவருக்கும், மடைப்பள்ளியில் வேகுபவருக்கும் ‘சாமி வேலைதானே’ என்று சொல்லிக் கையிற் குறைத்துக் கொடுப்பது எத்தனை இடத்தில் நடக்கிறது!

ஆனாலும் தேயிலைக்காரரிடம் கற்க வேண்டியதும் உண்டு. எடுப்பவன் திரும்பக் கொடுக்காவிட்டால் எடுப்பதற்கு ஒன்றும் இராது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கவ்வாத்து வெட்டிய பின் செடி துளிர்ப்பது வேரிற் சேர்த்து வைத்த மாப்பொருளைக் கொண்டே. ஆகவே வெட்டுவதற்கு முன் சில வாரங்கள் கொழுந்து எடுக்காமற் செடியை ஆறவிடும் வழக்கம் ஏற்பட்டது. உரம் போடாமற் கொழுந்து எதிர்பார்ப்பதில்லை. விதைக்கென்றே சில மரங்களைக் கவ்வாத்துப் பண்ணாது உயர வளரவிட்டார்கள். பின்னாளில் வி.பி. தேயிலை எனப்படும் ஒட்டுக்கன்றல்லாத தண்டுக்கன்று முறை பரவும்வரை, மலைமலையாகத் தேயிலை பரவியது அந்த உயர்ந்த மரங்களின் விதையிலிருந்துதான்.

கோயில் வழக்கங்களிலும் இந்த ஆறவிடுதல் இருக்கிறது; உற்றுப் பார்த்தால் தெரியும். அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு, அட்டமி, நவமி, சோமவாரம் ஆகிய நாட்களில் வில்வம் பறிக்கலாகாது என்றும், துவாதசியிற் துளசி பறிக்கலாகாது என்றும் பெரியோர் விதித்தனர். தேவையானதை முதல்நாளே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வில்வமும் துளசியும் பழையதானாலும் குற்றமில்லை என்று சலுகையும் கொடுத்தனர். பொழுது சாய்ந்த பின் செடியைத் தொடாதே, அது உறங்குகிறது என்று பாட்டி அதட்டுவாள். இவை யாவும் செடியின் நலம் கருதியே ஏற்பட்டன என்று அடித்துச் சொல்ல முடியாது. நாளின் புனிதமும் அதிற் சேர்ந்திருக்கும். ஆனால் பலன் செடிக்கும் கிடைத்தது. தடையில்லாமல் எந்நாளும் கை வைக்கும் உரிமை பக்தனுக்கும் இல்லை என்பது அதனால் நிலைபெற்றது.

நிர்மாலியத்தையும் இங்கே நினைக்க வேண்டும். காலையிற் கோயில் திறந்ததும், புதிய பூச் சார்த்துமுன், நேற்றைய மாலை களையப்படுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாலையானாலும், யார் உபயமானாலும் அதற்கு ஒரு நாள்தான். சிவாலயத்தில் அந்த நிர்மாலியம் சண்டேசுவரருக்கு உரியதாகிறது. அதன் பிறகு? முற்காலத்தில் அது கால்படாத இடத்திற் சேர்க்கப்பட்டு மண்ணாயிற்று. இப்போதோ பொலித்தீன் பையிற் கட்டி ஆற்றிலும் ஓடையிலும் வீசப்படுவதைக் காண்கிறோம். மகாவலியை கங்கை என்று கும்பிடும் கையே அதைச் செய்கிறது. பூவோடு கட்டிய நைலோன் நூலையும் மினுங்கற் தாளையும் பிரித்துவிட்டு, பூவை நந்தவனத்தின் ஒரு மூலையிற் குழி வெட்டிச் சாணத்தோடு சேர்த்து மூடினால், மூன்று நான்கு மாதத்திற் கறுத்த நல்ல பசளை கிடைக்கும். எந்தச் செடியிடம் எடுத்தோமோ அந்தச் செடியின் வேருக்கே அதைக் கொண்டுபோய்ப் போடலாம். சிறுவன் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. என்றாலும் எடுப்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையே கணக்கு என்று ஒன்று தொடங்குவது இங்கேதான்.

இனிச் சொல்லப்போவது சற்றுச் சங்கடமான விடயம். வாடிய பூ செடியிலே நிற்குமானால் மொட்டு வருவதில்லை என்ற உண்மையை வீட்டிலும் சபையிலும் பொருத்திப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. சங்கங்களிலும் பரிபாலன சபைகளிலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருப்பவர் உண்டு. இளைஞர் எவரும் முன்வருவதில்லையே என்று வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவரே குறைப்படுவார். முன்வருவதற்கு இடம் எங்கே என்று யாரும் எழுந்து கேட்பதில்லை, மரியாதைக்காக. செடியில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. இருக்கிற சாரமெல்லாம் நிற்கும் பூவைத் தாங்குவதிலேயே போய்விடுகிறது.

ஆனால் மனிதரைப் பூவாக எண்ணிக் கத்தரிக்கோலைத் தூக்குவதும் தவறு. முதியவரை வீட்டின் பின்னறைக்குத் தள்ளும் பிள்ளைகளும், பெரியவர் சொல்வதெல்லாம் பழைய கதை என்று கூட்டத்தில் சிரிக்கும் வாலிபரும் அந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். வாடிய பூவுக்குள் விதை இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கொடியேற்றத்துக்குத் தருப்பைக் கயிறு எப்படித் திரிப்பது, பழைய காணி உறுதி எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்தக் குடும்பம் எந்தத் திருவிழாவுக்கு உபயகாரர், பிணங்கி நிற்கும் இரு வீட்டாரை எந்த வார்த்தை சொல்லிச் சேர்த்து வைப்பது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவை அந்தத் தலைகளில் முற்றிக் காய்ந்திருக்கும் விதைகள். வெட்டி எறிந்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைக்க ஒன்றும் இராது. பூவுக்கும் மனிதருக்கும் உள்ள வேற்றுமை ஒன்றுதான். செவ்வந்திப் பூவால் தானாக விலக முடியாது, மனிதரால் முடியும். செவ்வரத்தையைப் போலத் தம் பொழுது முடிந்ததும் ஓசையில்லாமற் கீழிறங்கி, அதே செடியின் அடியில் இருந்துகொள்ள முடியும். அப்படி இறங்கி, சாவிக்கொத்தை இளையவர் கையிற் கொடுத்துவிட்டு, மறுநாட் காலையில் விளக்குமாற்றோடு வீதி கூட்ட வந்த பெரியவர்களும் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்தப்பட்டதோ இல்லையோ, ஊர் அவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறது.

அந்த நந்தவனத்துப் பெரியவர் அன்று பதில் சொல்லவில்லை என்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறுவன் வந்தபோது, செவ்வந்திப் பாத்தியில் நாலு செடிகளில், நன்றாகப் பருத்த பூவாகப் பார்த்து, காம்பிற் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“இது எதுக்கு, தாத்தா?”

“இதுல யாரும் கை வைக்கக் கூடாது. சாமிக்கும் கெடையாது, வெட்டவும் கூடாது. இது செடிக்கு.”

“எத்தன பூ வச்சீங்க?”

“பன்னெண்டு.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் நாம எடுக்கிறதுதான்யா. இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

சிறுவனுக்குப் பன்னிரண்டு போதுமென்று தோன்றவில்லை. நூற்பந்தை வாங்கி இன்னும் மூன்று பூவுக்குத் தானே கட்டிவிட்டான். பெரியவர் தடுக்கவில்லை. அந்தப் பூக்கள் செடியிலேயே பழுப்பேறி, காம்பும் காய்ந்த பிறகு, மழையில்லாத ஒரு நாள் பார்த்துப் பறிக்கப்பட்டன. பத்திரிகைத் தாளில் நிழலிற் பரப்பி உலர்த்தி, கறுப்பு ஊசி போன்ற விதைகளை உதிர்த்து, மூடியுள்ள பால்மாப் பேணியில் இருவரும் போட்டு வைத்தார்கள். மாசி மகத்துக்குப் பூ வேண்டுமானால் மார்கழி நடுவிலேயே நாற்றுப் போட்டுவிட வேண்டும். பேணி மடைப்பள்ளிக்குள், அடுப்புச் சூடு படாத மேல்தட்டில் இருக்கிறது.